மேஸ்திரி தேவதர்ஷினி

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் தேவதர்ஷினியைத் தெரியும். இருபத்தேழு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நின்றது என்பதுகூடத் தப்பு, நிறுத்தினார்கள். அம்மா தாயாரம்மாள் சித்தாள் வேலைக்குப் போக வேண்டும். தம்பி ஹரிபிரசாத்தை யாராவது பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வர வேண்டும். அப்பா தசரதன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பொட்டப்புள்ள படிச்சி இன்னா ஆவப் போவுது?" என்றார். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பதினெட்டு வயதில் அவளும் அம்மாவோடு கட்டட வேலைக்குப் போனாள். செங்கல் சுமப்பாள், கலவை குழைப்பாள், கொத்தனார் கை நீட்டினால் எடுத்துக் கொடுப்பாள். இந்தத் தொழிலில் ஓர் அநியாயம் உண்டு. எடுபிடியாக வருகிற ஆண்பிள்ளை நாலைந்து வருஷத்தில் கலவைக் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். பெண்ணாக இருந்தால் தலை நரைக்கிற வரைக்கும் சட்டி சுமக்க வேண்டியதுதான். தேவதர்ஷினிக்கு அந்தக் கரண்டி வேண்டும். கொத்தனார் ஆக வேண்டும், அப்புறம் மேஸ்திரியும் ஆக வேண்டும். அதற்குக் கீழே எதுவும் அவளுக்கு ஒத்துவராது.

சொல்லித் தர ஆளில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் கண் அசரும்போது, கொட்டகைக்குப் பின்னால் சேற்றைக் குழைத்து நாலு வரி செங்கல் கட்டுவாள். நேராக நிற்கிறதா என்று தூக்குகுண்டு விட்டுப் பார்ப்பாள். அவர்கள் எழுவதற்குள் கலைத்துவிடுவாள். கொத்தனார் மோகன்ராஜ் ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சொப்பு வெச்சி ஆடிகினு கீறியா?" என்று சிரித்தார். அவள் கட்டிய வரியைக் கலைத்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கூலி வாங்குகிற கொத்தனார் திங்கட்கிழமை வருவாரா என்பது கடவுளுக்கே தெரியாத விஷயம். சேலையூரில் ஒரு காம்பவுண்டு சுவர் வேலை. "வந்துகினே கீறேன், கலவையப் போட்டு வைங்க" என்று போனில் சொன்ன மோகன்ராஜ், பத்து மணி தாண்டியும் வரவில்லை. போட்ட கலவை இறுகத் தொடங்கியது. அவர் கொட்டகையில் விட்டுப்போன கரண்டியைத் தேவதர்ஷினி எடுத்தாள். "வேணாம்டி, இருக்கிற வேலையும் பூடும்" என்று தாயாரம்மாள் பதறினாள். "கலவை வீணாப் பூடும்மா, கல்ல எடு" என்றாள் மகள்.

சாயங்காலம் இன்ஜினியர் வந்தபோது சுவர் இடுப்பு உயரம் நின்றது. மட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குகுண்டு விட்டும் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். "நாந்தான் சார்." மறுநாளிலிருந்து அவள் கொத்தனார்.

அத்தோடு விட்டாளா? தம்பி சிவில் டிப்ளமோ சேர்ந்ததும், அவன் புத்தகங்களை அவன் பிரிப்பதற்கு முன்னால் இவள் பிரித்தாள். தட்டுத் தடுமாறி வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது ஹரிபிரசாத்துக்குச் சந்தேகம் வந்தால் அக்காவைத்தான் கேட்கிறான்.

போன தை மாதம் அவள் மேஸ்திரியாக நின்று எடுத்த முதல் வீட்டுக்கு வாசல் நிலை வைத்தார்கள். வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன், வங்கியில் ஓய்வு பெற்றவர். ஒன்பது மணிக்குள் நல்ல நேரம். சொந்தக்காரர்கள் கூடி நிற்க, இப்போது அவளிடம் வேலை செய்கிற மோகன்ராஜ் நிலையை நிறுத்தி, "நேரா கீது" என்றார். அவள் தூக்குகுண்டு விட்டாள். அரை விரல் சாய்ந்திருந்தது.

"நேரம் போயிடும்மா," ஸ்ரீரங்கன் தவித்தார்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு சார். நிலை நம்ம காலத்துக்கு அப்பறமும் நிக்கணும்."

ஆப்பைத் தட்டி எடுத்து, நிலையை நிமிர்த்தி, மறுபடி குண்டு விட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

பூஜை முடிந்தது. சித்தாள்களுக்கு ஆளுக்கொரு புடவை கொடுத்தார்கள். பிறகு, வெற்றிலை பாக்கோடு மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு. முறை அதுதான். தட்டை ஏந்திய ஸ்ரீரங்கனின் மனைவி ஸ்ரீவித்யா, கூட்டத்தில் நரைத்த தலையாகப் பார்த்து, பழக்க தோஷத்தில், மோகன்ராஜிடம் நீட்டிவிட்டாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு இல்லம்மா. மேஸ்திரி அதோ நிக்கிறாங்க."

ஸ்ரீவித்யாவுக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயோ, சாரிம்மா! கடையில எப்பவும்போல வேட்டி எடுத்துட்டேன். சாயந்தரம் உனக்கு நல்ல பட்டுப்புடவையா வாங்கிடறேன்."

தேவதர்ஷினி இரண்டு கைகளையும் நீட்டினாள். "புடவை வேணாம்மா. அது சித்தாளா இருந்தப்போ நெறைய வாங்கிட்டேன். வேட்டியே குடுங்க."

வாங்கிய கையோடு துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டாள். சித்தாள்கள் வரிசையில் புதுப்புடவையோடு நின்ற தாயாரம்மாள், யாரும் கேட்காமலே பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் "மேஸ்திரி எம் பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.