பெருச்சாளிக்கு மூச்சு பார்த்தது

எங்கள் மகளின் முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. ஊரார் பெண்களுக்கெல்லாம் நெய்த என் வீட்டுக்காரர் தன் பெண்ணுக்கென்று நெய்த முதல் புடவை. முந்தானை மட்டும்தான் பாக்கி. கல்யாணத்துக்கு ஒன்பது நாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெருச்சாளி தறிக்குழிக்குள் குடியேறி, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஏழு இழையைக் கடித்துவிட்டது.

"இன்னிக்கி அதோட கதைய முடிக்கிறேன்" என்று அவர் எங்கிருந்தோ ஓர் உண்டிவில்லும் கோலிகுண்டும் கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெய்கிற அறையில் குப்புறப் படுத்து ஊர்ந்தார். வெற்றிலை வாங்கக்கூட மூட்டு வலி என்று என்னை அனுப்புகிற மனுஷர்! பாவுக்கு அந்தப் பக்கம் பெருச்சாளி தலையைத் தூக்கியது. சடக்கென்று ஒரு சத்தம். அது குழி ஓரத்தில் மல்லாந்தது.

"பாத்தியா!" என்று மீசையைத் தடவினார்.

"பாத்தேன். தூக்கிப் போடுங்க."

"அடிச்சது நானு. செத்துச்சான்னு நீ போய்ப் பாரு."

நல்ல நியாயம்! உயிர் இருந்து குழிக்குள் பாய்ந்தால் மிச்சப் பாவும் போய்விடும். அந்தப் பயத்தில் ஒருவருக்கும் கால் நகரவில்லை. மகள் போனில் தேடினாள்.

"ஃபாரின்ல மான் சுடுறவங்க பின்பக்கமா போயி, குச்சியால கண்ணத் தொட்டுப் பாப்பாங்களாம்பா. இமைக்கலன்னா செத்துட்சாம்."

"அது மானுக்கு. இதுக்கு மூச்சுதான் பாக்கணும்" என்றார் வேட்டைக்காரர். நீளக் குச்சி நுனியில் ஒரு பட்டு இழையைக் கட்டி, எட்ட நின்றபடியே அதன் மூக்கருகே நீட்டினார். பட்டு இழைக்குத் தெரியாத மூச்சு கிடையாது என்பது அவர் சித்தாந்தம். இழை ஆடியது.

"ஐயோ, உயிரோட இருக்குது!"

மூன்று பேரும் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டோம். அவர் குச்சியை நீட்டுவார், இழை ஆடும், "இன்னும் மூச்சு வாங்கிக்கினு இருக்குது பாரு" என்பார். இப்படியே அரை மணி நேரம். அதன் மன உறுதியைப் பார்த்து எனக்கே மரியாதை வந்துவிட்டது.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. இழையும் நின்றது.

நான் இறங்கிப் போய்த் துடைப்பக் குச்சியால் கண்ணைத் தொட்டேன். இமைக்கவில்லை. "இத்தினி நேரமா ஃபேனுக்கு மூச்சு பாத்துக்கினு இருந்தீங்களா?" என்று நான் போட்ட கூச்சல் கோடி வீடு வரை கேட்டிருக்கும்.

அதைப் புதைத்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தவர், நெய்யாமல் அப்படியே இருந்தார். எட்டிப் பார்த்தேன். பாவில் ஒரு கொத்து இழை அறுந்து தொங்கியது.

"சனியன், சாவறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தார். அறுந்த இழைகளுக்கு நேர்கீழே அவர் அடித்த கோலிகுண்டு கிடந்தது.

"அது ஏழு. நீங்க இருபத்திமூணு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள், என் முகத்தைப் பார்க்காமலே, ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டார்.

புடவை கல்யாண நாளுக்குள் தறியிலிருந்து இறங்கியது. மண்டபத்தில் சம்பந்தியம்மா முந்தானையைத் தடவி, சரியாக அந்த இடத்தில் விரலை நிறுத்தினார். "இங்க ஏதோ தட்டுதே?"

"பெருச்சாளி கடிச்சிட்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர். கண் கலங்கியிருந்தது.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மணமேடையிலிருந்து மகள், வேண்டாம்மா என்று தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க" என்றேன், அவரையே பார்த்தபடி. "ரொம்பப் பெரிய பெருச்சாளி."