மூத்தவளின் இடது கண்

பேய்ப் படத்தைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் "இது ஒட்டு வேலை" என்று சொல்லிவிடும் டச்சப் அக்காவுக்கு, பேய் என்றால் உயிர் போகிற பயம்.

கடைத்தெருவில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும் நம்புவார். பட்டப்பகலில் மின்சாரம் போய் ஸ்டுடியோவின் உள்ளறை இருட்டாகிவிட்டால்கூட, "அண்ணே, கொஞ்சம் வந்து நில்லுங்க" என்று அவரைத்தான் அவள் கூப்பிடுவாள். கழுத்தில் அளவு டேப் தொங்க அவரும் வந்து நிற்பார்.

"ஊர்ல இருக்கற பேயை எல்லாம் ஓட்டுற. உனக்குத் துணைக்கு நான் வேணுமா?"

"ஊர்ல இருக்கறது பொய்ப் பேய்ண்ணே. உள்ள இருக்கறது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பயம் அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒட்டிக்கொண்டது. கட்டினவன் இரண்டே வருஷத்தில் வேறொருத்தியோடு போய்விட, வயிற்றுப்பாட்டுக்காக இந்த ஸ்டுடியோவில் வந்து சேர்ந்தாள். நெகட்டிவில் பென்சில் முனையால் முகப்பருவை மறைக்கிற டச்சப் வேலை. ஸ்டுடியோ முதலாளி வாரப் பத்திரிகைகளின் பேய்க் கதைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர். ஒருநாள் அவளையே வெள்ளைத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார். கேமரா எட்டு விநாடி திறந்திருக்கும். அவள் மனதுக்குள் நாலு எண்ணிவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து ஓடிவிட வேண்டும். மிச்ச நாலு விநாடியில் காலி நாற்காலி பதியும். படத்தைக் கழுவிப் பார்த்தபோது அவளுடைய நெஞ்சுக்குள்ளே நாற்காலியின் முதுகுச் சட்டம் தெரிந்தது. கழுத்துக்கு மேலே கண் இருந்தது, கண்ணுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

'செத்துப்போனால் நான் இப்படித்தான் இருப்பேன்' என்று நினைத்தவள், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

முதலாளி காலமான பிறகு ஸ்டுடியோ அவள் பொறுப்புக்கு வந்தது. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பேய் மட்டும் போகவில்லை. யார் யாரோ படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒளி உருண்டை என்பார்கள். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் பறந்த தூசியாக இருக்கும். பாதி உடம்பு என்பார்கள். கேமரா மூடுவதற்குள் குறுக்கே நடந்துபோன ஆளாக இருக்கும். ஒருவர் தன் வீட்டு மாடியில் தலையில்லாத பேய் நிற்பதாகப் பதறிக்கொண்டு வந்தார். "கொடியில காயுற போர்வையை எடுத்துட்டு மறுபடி ஒரு படம் எடுங்க சார்" என்று அனுப்பிவைத்தாள்.

செல்போனில் ஒட்டி வருகிற பேய்கள்தான் கொஞ்சம் சிரமம். அதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. பேயைப் பார்க்காதே, விளக்கைப் பார் என்பாள். சுவருக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் பேய்க்கும் இடப்பக்கமிருந்துதான் வரவேண்டும். ஒட்டுகிறவன் ஓரத்தை ஒழுங்காக வெட்டுவான், விளக்கை மறந்துவிடுவான்.

அப்படிப்பட்டவளையே நடுங்கவைத்த படம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது.

கொண்டுவந்தது ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் கசங்காத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பேச்சு பஞ்சு மாதிரி இருந்தது. தோளில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணைச் சுற்றிக் கருவளையம். குழந்தையின் தொங்கும் காலைத் தொடப் போவாள், தொடாமலே கையை இழுத்துக்கொள்வாள்.

"இவர் வேணாம்னுதான் சொன்னாருக்கா. நான்தான் அழுது கூட்டிட்டு வந்தேன்" என்று அவள் மூன்று படங்களை மேஜைமேல் வைத்தாள். "போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும்னு."

"எங்கம்மா போற?"

"எங்கம்மா வீட்டுக்கு. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸு. நான் பெத்த பாப்பாவை இவர்கிட்ட விட்டுட்டுப் போறேன்."

மூன்று படத்திலும் அவள் குழந்தையோடு இருந்தாள். முதல் படத்தில், நடைவழிக் கோடியில் வெளுப்பாக ஓர் உருவம். அடுத்த மாதத்துப் படத்தில் அது கதவு வரை வந்திருந்தது. மூன்றாவதில் குழந்தையின் கட்டிலருகே நின்றது. மங்கலாக ஆனால் முழுசாக, ஒரு பெண்ணின் முகம்.

"இவரோட மூத்த சம்சாரம்க்கா. காய்ச்சல்ல தவறிட்டாங்க. நான் பாப்பாவைத் தூக்கற படத்துல மட்டும்தான் வராங்க. மாசா மாசம் கிட்ட வராங்க. என்னைக் கண்டாத்தான் அவங்களுக்கு ஆகலை. நான் ஒதுங்கிட்டா புள்ளையை விட்டுடுவாங்க." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது.

"எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறா" என்றார் அவர். "தன் இஷ்டப்படிதான் போறேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தரேன்னுட்டா." சட்டைப்பையில் நான்காக மடித்த காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். "நாளைக்கு நாலு பேர் என்னை ஒண்ணு சொல்லிடக் கூடாதுல்ல. நீங்க நிதானமாப் பாருங்கக்கா. ஒட்டு வேலையா இருந்தா முதல்ல சந்தோஷப்படறது நான்தான்."

"படம் எடுத்த போன்?"

"தண்ணில விழுந்துடுச்சு."

டச்சப் அக்கா விளக்கைத் தேடினாள். ஜன்னல் வலப்பக்கம் இருந்தது. உருவத்துக்கும் வெளிச்சம் வலப்பக்கம்தான். ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். வெட்டிய தடம் எங்கும் இல்லை. கட்டில் கம்பியின் நிழல், உருவத்தின் மேல் எப்படி விழவேண்டுமோ அப்படி விழுந்திருந்தது. சொரசொரப்புக் காகிதத்தில் அச்சிட்டிருந்ததால் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

முப்பது வருஷத்தில் குறை சொல்ல முடியாத ஒரு பேய்ப் படத்தை அவள் பார்த்ததில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. அப்படியானால் இது உண்மையா? இந்தப் பெண் சொல்வதெல்லாம் சத்தியமா?

பூதக்கண்ணாடியை அந்த முகத்தின் மேல் வைத்தாள். அந்தக் கண்கள் நேராக அவளையே பார்த்தன. எங்கேயோ பார்த்த கண். எங்கே?

பிறகுதான் வெளிச்சப் புள்ளிகளைக் கவனித்தாள். உயிருள்ள யாருடைய கருவிழியிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழும். இங்கே ஒரு புள்ளி வலப்பக்கமும் இன்னொரு புள்ளி இடப்பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

அது அவள் செய்த பிழை.

நாலு வருஷத்துக்கு முன்னால் தாடி வைத்த ஒரு மனிதர், இறந்துபோன மனைவியின் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னார். அந்த அம்மாளுக்கு இடது இமை பிறவியிலேயே பாதி மூடியிருக்கும். கண்ணைச் சரிசெய்யச் சொன்னார். டச்சப் அக்கா வலது கண்ணை நகலெடுத்து, திருப்பி, இடது கண்ணின் இடத்தில் வைத்தாள். அப்படித் திருப்பும்போது வெளிச்சப் புள்ளியும் திரும்பிவிடும், அதை அழித்து மறுபக்கம் வைக்க வேண்டும். அன்று மறந்துபோனாள். படத்தைக் கொடுத்தனுப்பிய பிறகுதான் பார்த்தாள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் முகம் அவளுக்கு மறந்துபோகும். தான் தொட்டுச் சரிசெய்த முகம் மறக்காது.

தாடியை எடுத்துவிட்டால் இந்த மனிதர்தான்.

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "வீட்ல மூத்தவங்க படம் மாட்டியிருக்காம்மா?"

"ஒண்ணுகூட இல்லக்கா. நான் வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் எரிச்சுட்டாராம். அது அவங்கதான்னு இவர் பாத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"பாத்தா மனசு தாங்கலக்கா" என்றார் அவர்.

இப்போது டச்சப் அக்காவுக்கு வந்த பயம் வேறு. அவள் திருத்திய அந்த முகம் இவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. மாதம் ஒரு படமாக, அவசரப்படாமல், பக்கத்தில் தூங்குகிறவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறார். பெண்டாட்டி தானாகப் போய்விட வேண்டும், பிள்ளை தன்னிடம் இருக்க வேண்டும், ஊர் தன்னை ஒரு சொல் சொல்லக் கூடாது. இங்கேயே உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? குழந்தை அவர் தோளில் இருக்கிறது. அப்படியே எழுந்து நடந்துவிட்டால் யார் தடுப்பார்கள்?

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"படத்துல ஒரு குறையும் தெரியலை சார்" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு சோதனை பாக்கி இருக்கு. அம்மாவையும் புள்ளையையும் உள்ள விளக்கு முன்னால வச்சு ஒரு படம் எடுக்கணும். மூத்தவங்க நிஜமாவே கூட வந்திருந்தா அதுலயும் விழணும்."

"நானும் வரேன்."

"நீங்க இருந்த படத்துல என்னைக்காவது வந்திருக்காங்களா?"

அவர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஏன்க்கா இப்படி நடுங்குது?"

"எனக்குப் பேய்னா பயம் சார். பக்கத்துக் கடையில வேணா கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே குழந்தையை நீட்டினார். டச்சப் அக்கா அதை வாங்கி மார்போடு அணைத்தபடி உள்ளே நடந்தாள். அந்தப் பெண் பின்னால் வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டும்.

"பேசாம இதைப் பாரும்மா."

கம்ப்யூட்டரில் பழைய கோப்பு திறந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முகங்கள். ஒன்றில் இமை சரிந்திருந்தது. ஒன்றில் கண் திறந்திருந்தது.

"இதுதான் உங்க மூத்தவங்களோட நிஜ முகம். பக்கத்துல இருக்கறது நான் திருத்தினது. செத்தவங்க வரணும்னா அவங்க கண்ணோடதானே வருவாங்க? உன் படத்துல இருக்கறது நான் வச்ச கண்ணு. நான் பண்ணின தப்போட இருக்கு. இந்தப் படம் உன் வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தால், அவள் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துபோயிற்று.

"மூணாவது படம் வந்த அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் பயந்து அழுதேன்க்கா" என்றாள் மெதுவாக. "இவர்தான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு."

கதவு மெல்லத் தட்டப்பட்டது. "முடிஞ்சுதா?"

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கிசுகிசுத்தாள் டச்சப் அக்கா.

"அண்ணன் இருக்காரு. வர முக்கால் மணி ஆகும்."

"கூப்பிடு" என்று தன் செல்போனை நீட்டினாள்.

அந்த முக்கால் மணி நேரம் டச்சப் அக்காவின் ஆயுளில் பாதியைத் தின்றது. முதலில் அவர் கூப்பிட்டார். பிறகு கெஞ்சினார். பிறகு கதவின் கைப்பிடி மேலும் கீழும் அசைந்தது, நிதானமாக, கோபமே இல்லாமல். கதவு இடுக்கில் அவருடைய செருப்பு நிழல் நின்றுகொண்டே இருந்தது. விழித்துக்கொண்ட குழந்தை சிணுங்கியது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். பாதியில் தயங்கினாள். மூன்று மாதமாகப் பழகிவிட்ட தயக்கம். பிறகு வாங்கி, முகத்தை அதன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள்.

"உனக்கே தெரியும்ல" என்றது வெளியே அந்தப் பஞ்சுக் குரல். "நீ தொட்டா புள்ளைக்கு ஆகாது. உன் வாயால நீயே சொன்னே."

அவள் தலை நிமிர்ந்தது. கதவருகே போய் நின்றாள். 

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்ங்க" என்றாள். "பாப்பாவை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்."

சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது செருப்பு நிழலைக் காணவில்லை. போய்விட்டாரா, சுவரோரம் நிற்கிறாரா தெரியவில்லை. இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கச்சி, அண்ணன் வந்திருக்கேன்" என்று முரட்டுக் குரல் ஒன்று கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தார்கள்.

ஸ்டுடியோ காலியாக இருந்தது. மேஜைமேல் இருந்த மூன்று படங்களையும் அவர் எடுத்துப்போய்விட்டார்.

"என்னம்மா நடந்துச்சு?" என்றார் அண்ணன்.

"வீட்ல போய் சொல்றேன்ணே. பாப்பா பசியோட இருக்கா." குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் படியிறங்கினாள். தெருமுனை வரையில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள், குழந்தையைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை.

டச்சப் அக்கா அவர்கள் மறையும் வரை வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே போகக் கால் வரவில்லை. தையல்காரர் கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கரண்ட் இருக்கேம்மா."

"இருக்குண்ணே" என்றாள். "வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தா எனக்குச் சொல்லுங்க."

கடை சாத்தும் வரை தெருவைப் பார்த்தபடியே அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.