நீலச் சட்டை

அந்த ஆயுத பூஜைக்கு மில்லுக்குள் போனது அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அத்தை வரவில்லை, நிறைமாதம். இங்கிலீஷ் தாளைப் படித்து அர்த்தம் சொல்லக்கூடிய ஆள் அன்றைக்கு மட்டுமல்ல, எங்கள் குடும்பத்தில் அதுவரை இருந்ததே இல்லை. நான் இரண்டாம் வகுப்பு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பைக் கம்பியாக உருட்டும் ஒரு ரோலிங் மில். அப்பாவும் மாமாவும் அங்கே கான்ட்ராக்ட் ஆட்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். எந்நேரமும் எங்கள் வீட்டுச் சுவரை அதிரவைக்கும் மில், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. உலை அணைந்திருந்தது. இயந்திரங்களின் நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழ, கற்பூரப் புகை அதில் ஏறிக் கரைந்தது. அப்பா தினமும் வேலைக்குப் போவது தூங்கும் யானைகளிடம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொரி கொடுத்து முடித்ததும், நிரந்தரமாக்கப்பட்டவர்களின் பெயர்களை மேனேஜர் கூப்பிட்டார். ஆளுக்கொரு ஸ்வீட் பெட்டி, மடித்த நீலச் சட்டை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காக்கிதான். மாமா வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்து அப்பா. அவர் மேனேஜரின் காதருகே ஏதோ சொன்னார், கும்பிட்டார், வெறுங்கையோடு திரும்பினார்.

“இன்னா மாமா, கூப்ட்டு குடுக்கறாங்கோ, வாணாம்னுட்டு வர்றியே! இதுக்குத்தானே இத்தினி வருசம் நாயா பேயா அலைஞ்சோம்?” என்று அப்பாவை மறித்தார் மாமா.

“சம்பளம் ஏறுனா ரெண்டு லட்சத்தைத் தாண்டிடும்டா. இவன் சீட்டு பூடும்.”

“அத்த எவன் வந்து பாக்கப் போறான்?”

“பாத்துட்டான்னா? நீயா ஃபீஸு கட்டுவே?”

தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இலவச இடத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன். வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கவேண்டும் என்று, சான்றிதழ் வாங்கித் தந்த தரகர் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? நீலச் சட்டை போட்ட அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதாக அதற்குள் கனவே கண்டுவிட்டிருந்தேன். ஓவென்று அழுதேன். “சும்மா இர்றா, உங்கப்பாவுக்கு அந்தக் கலரு எடுக்காது” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மாமா தன் பெட்டியைப் பிரித்து ஒரு மைசூர்பாகை என் வாயில் திணித்தார்.

வெளியே வரும்போது கேட்டுக்கு மேலிருந்த பலகையை அப்பா காட்டினார். “அதுல இன்னா போட்டுக்குது, படி.”

இனிப்பும் விசும்பலுமாகப் படித்தேன். “சேஃப்டி ஃபர்ஸ்ட்.”

“கேட்டியாடா?” என்று மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அழுகிற பிள்ளையின் முன்னால் ஒருவர் இப்படிச் சிரிப்பாரா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நான் எட்டாவது முடித்து, இலவசச் சீட்டும் முடிந்த பிறகுதான் அப்பா நீலச் சட்டை போட்டார். அதற்குள் என் கனவு எங்கோ போய்விட்டிருந்தது.

கல்லூரிச் சேர்க்கைக்காகப் பெட்டியைக் கிளறியபோது என்னைச் சேர்த்தபோது பள்ளி கொடுத்த பழைய தாள் கிடைத்தது. பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டும்தான் வருமானத்தைப் பார்ப்பார்கள். சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு எட்டாவது முடியும்வரை இடம் உறுதி. மூன்றாவது பத்தியில், எளிய இங்கிலீஷில்.

மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். நிரந்தரமாகியிருந்தால் கூடியிருக்கும் சம்பளம், மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு வீதம் எழுபத்தெட்டு மாதம்: நான்கு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் ரூபாய்.