டப்பா நிறைய நாவல்கொட்டைத் தூள்

இலக்கியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நைனார்பாளையத்தில் சொல்வார்கள். கல்வராயன் மலையில் பொறுக்கிய நாவல்கொட்டைகளோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் வராது? கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் அவள் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. கல்யாணப் பேச்சை எடுக்கிற உறவுக்காரர்களிடமெல்லாம் “ஆராய்ச்சி முடியட்டும்” என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பழக்கொட்டைகளில் என்னென்ன இருக்கிறது, அவற்றின் சாறு ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஊதாக் கரைசலில் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம்.

வெளுக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு தடவை போல் மறு தடவை இல்லை. முதலில் பளிச்சென்று மஞ்சள், பிறகு பார்த்தால் அரைகுறை ஊதா. ஒரே மரத்துக் கொட்டை, ஒரே தூள்! வழிகாட்டிப் பேராசிரியர் அறிவுச்செல்வன் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் மூன்று முறை ஒரே அளவு வந்தாக வேண்டும். வராவிட்டால் புது வழிகாட்டி, புதுத் தலைப்பு, எல்லாம் முதலிலிருந்து. மறுபடி பொறுக்கலாம் என்றால் நாவல் ஆனியில்தான் பழுக்கும்.

கல்லூரியில் எலித் தொல்லை என்று தூளை வீட்டுச் சமையலறையில்தான் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. இவ்வளவு எடுத்தும் தூள் கழுத்துவரை இருந்தது.

“எம்மா, இதுல இன்னா போட்ட?”

அம்மா செல்லியம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. “நான் இன்னாடி போட்டேன்? தெருவுல பாதிப் பேருக்கு சர்க்கரை. நாவக்கொட்டத் தூளு நல்லதுன்னு ஆளுக்கு ஒரு டம்ளர் கைமாத்தா கேட்டாங்க, குடுத்தேன். அப்புறம் நாட்டுமருந்துக் கடையில வாங்கியாந்து திருப்பிக் கொட்டிட்டாங்க. ஜாஸ்தியாத்தான் கொட்டினாங்க, கம்மியா ஒண்ணும் இல்ல!”

இலக்கியா தலையில் அடித்துக்கொண்டாள். காபித்தூளோ சர்க்கரையோ கைமாற்று வாங்கினால் தலைதட்டாமல் குவித்துத் திருப்பித் தருவது அந்தத் தெருவின் கௌரவம். அந்தக் கௌரவம் அவள் ஆராய்ச்சியில் மண்ணள்ளிப் போட்டுவிட்டது. எந்தக் கடைத் தூளோ, எந்த வருடத்துக் கொட்டையோ! யாரைத் திட்டுவது? எல்லாரும் நாணயமானவர்கள். அதுதான் எரிச்சலாக இருந்தது. அழுகையும் வந்தது.

“எல்லாருமா திருப்பிக் குடுத்தாங்க?”

“ராணியம்மாவத் தவிர. அவதான் மொத ஆளா வந்து வாங்கினவ. அவ என்னிக்கு எதத் திருப்பிக் குடுத்துருக்கா?”

எதிர் வீட்டு ராணியம்மாளிடம் போன உளுந்து, நல்லெண்ணெய், ஏணி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அவள் வருவது தெரிந்தாலே இலக்கியா கதவைச் சாத்துவாள். இப்போது செருப்பைக்கூட மாட்டாமல் அவள் வீட்டுக்கு ஓடினாள்.

“பெரிம்மா, எங்கம்மாகிட்ட வாங்கின நாவக்கொட்டத் தூளு இருக்குதா?”

“ஒரு வாய் போட்டேன், ஒரே துவர்ப்பு. அப்பிடியே மூடி வெச்சிட்டேன்” என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வந்தாள் ராணியம்மாள்.

கடைத் தூள் ஒரு சிட்டிகைகூடச் சேராத மலைத் தூள். மூன்று சோதனைக்கும் அது தாராளம். இலக்கியாவுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ராணியம்மாள் வாசல்வரை வந்தாள்.

“எடுத்துக்கினு போ, வேணாங்கல. எப்ப திருப்பிக் குடுப்ப?”