மஞ்சள் நாய்கள் மறித்த மாப்பிள்ளை ஊர்வலம்

செல்வநாயகி மிருக வைத்தியசாலையில் பதினாறு வருடமாகக் கோழிகளுக்கு ஊசி போட்டுவந்தாள். தொண்ணூறாம் ஆண்டு போரால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது, அவர்கள் விட்டுவந்த நாய்கள் அவளுடைய ஊரான உடுவில்வரை வந்து தெருவில் அலைந்தன. தன் வளவில் வெறுமையாய்க் கிடந்த புகையிலைக் குடிலை அவற்றுக்குத் திறந்துவிட்டாள். ஒரு வருடத்தில் இருபத்து மூன்று நாய்கள் சேர்ந்துவிட்டன.

அடுத்த ஆவணியில் எல்லாவற்றுக்கும் சொறி பிடித்தது. பொருளாதாரத் தடையால் மருந்து வரவில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பார்க்கும்படி மிருக வைத்தியர் சொன்னார். ஒருநாள் காலை அவளும் பக்கத்து வீட்டு இரத்தினம்மாவும் வாளியோடு இறங்கினார்கள். ஒன்றைப் பிடித்தால் மற்றது வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசி நாய்க்குப் பூசும்போது இருவரும் முழங்கைவரை மஞ்சள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

அந்நேரம் தெருவில் மேளம் கேட்டது. பார்க்க ஓடிய இரத்தினம்மா வாசல் படலையைச் சாத்த மறந்துபோனாள்.

பெற்றோல் இல்லாத காலம். மேளத்துக்குப் பின்னால், பூக்கட்டிய சைக்கிளில் மாப்பிள்ளையை இருத்தி உருட்டிவந்தார்கள். இருபத்து மூன்று மஞ்சள் நாய்களும் அதற்குள் பாய்ந்தன. தவில்காரர் மதிலில் ஏறினார். மாப்பிள்ளை சைக்கிளோடு சரிந்தார்; பட்டு வேட்டியெங்கும் மஞ்சள் கால் தடங்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் கனகசபாபதி குடையை ஓங்கினார். “ஆற்றை நாயள் உதுகள்?”

“என்ரைதான் ஐயா. கடிக்காதுகள்,” என்றாள் செல்வநாயகி.

ஓங்கிய குடைக்குக் கீழே ஒரு நாய் அசையாமல் நின்று, அவரது மற்றக் கையை நக்கத் தொடங்கியது. அவர் குனிந்து அதன் கிழிந்த காதைத் தடவினார். குடை நழுவியது.

“வீமா? நீயேடா?”

“ஓம் அப்பா, எங்கடை வீமன்தான்,” என்று மாப்பிள்ளை தெருவில் இருந்தபடியே கத்தினார்.

இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழை வீட்டில் வீமனின் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தவர் கனகசபாபதி. செத்திருக்கும் என்றே நினைத்திருந்தாராம். நாயைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய சால்வையும் மஞ்சளாயிற்று. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வேட்டி மாற்றலாம் என்று யாரோ சொல்ல, மஞ்சள் மங்கலம்தானே என்று அவர் மறுத்துவிட்டார். செல்வநாயகியையும் விடவில்லை. “பிள்ளை, நீயும் வா.”

மணவறையில் மாப்பிள்ளையின் கோலத்தைக் கண்ட பெண் தாலி ஏறும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீமனுக்கு இன்னும் மூன்று பூச்சுத் தேவை என்று செல்வநாயகி கண்டிப்பாகச் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கனகசபாபதி வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இருபத்து மூன்றுக்கும் பூசினார்.