காசிமாயன் காட்டிய பட்டணம்

போடியில் என்னோடு உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்த பெண்களில் வீரலட்சுமிக்கு இருந்த கை வேகம் யாருக்கும் கிடையாது. அவளே எண்பத்திரண்டாம் வருஷம் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் ஒன்றாகப் போட ஆரம்பித்தாள். கடைசியில் மெட்ராஸில் பெரிய கண் ஆஸ்பத்திரி வரைக்கும் போனார்கள். நரம்பு பட்டுப்போய்விட்டது, மிச்சமிருக்கிற பார்வையும் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும் என்று அவள் புருஷன் காசிமாயனிடம் சொன்னார்கள்.

அவன் மறைக்கவில்லை. அவளும் அழவில்லை. மகள் சுருளியம்மாளை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சுருளியம்மாள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தாள். ஜீப்பில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். ஆனால் தோட்டத்துக் கூலிக்காரன் ஒருவனோடு ஓடிப்போனவள். இனி அவள் முகத்தில் முழிக்க மாட்டேன், வீட்டிலிருந்து யாரும் போகவும் கூடாது என்று காசிமாயன் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆண்கள் அவனை மெச்சினார்கள். எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

மகளைக் காட்ட மனசில்லாதவன் பட்டணத்தைக் காட்டினான். இருபது வருஷத்தில் பெரியகுளத்துக்குக்கூடக் கூட்டிப்போகாத மனிதன், இரண்டு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை, கலங்கரை விளக்கம், பதினாலு மாடிக் கட்டடம் என்று அலைந்தான். மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூட்டுக்கு அடியில் நிறுத்தி நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னானாம். குழாய் வழியாகப் பார்ப்பது போல அவளுக்கு ஒரு சமயத்தில் ஒரு எலும்புதான் தெரிந்தது. பாடம் செய்த புலியைக் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தாள். காவலாளி தள்ளி நிற்கச் சொன்னான். புருஷன் மனசு நோகக் கூடாதென்று எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்லிவைத்தாளாம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கடற்கரையில்தான் வாய் திறந்தாள்.

"எல்லாம் பாத்தாச்சு. மலைக்கு எப்பக் கூட்டிப்போறீங்க?"

அவன் சத்தியத்தைச் சொன்னான். பிறகு அவள் கேட்கவில்லை.

ஊர் திரும்பி மூன்றாவது வாரம், டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்பே, ஒரு நாள் விடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் காசிமாயன் மகளை வரச்சொல்லி ஜீப்பு டிரைவரிடம் சொல்லிவிட்டான். மறுநாள் சுருளியம்மாள் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

வீரலட்சுமி மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். கன்ன எலும்பில் விரல் நின்றது.

"இங்க வாங்க. எம் மக எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவன் வரவேண்டியதாயிற்று. மூன்று வருஷத்துக்குப் பிறகு மகளைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு போய், நெற்றியில் தையல் போட்ட தழும்போடு இருந்தாள். சொல்ல வேண்டாம் என்று அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"மலைக் காத்துக்கு நல்லாத் தேறியிருக்கா" என்றான்.

"அப்ப எதுக்கு அழுகுறீங்க?" என்று கேட்டாள் வீரலட்சுமி.