சிரிக்க வராதவனுக்குக் கிடைத்த வேலை

ஊட்டியில் ஒரு ஓட்டலின் ரிசப்ஷனில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த நாளில் மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வர்றவங்களப் பாத்ததும் சிரிக்கணும்."

எனக்கு அது வரவில்லை. சிறு வயதிலிருந்தே நான் அதிகம் பேசாதவன். கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். உதடு மட்டும் விரியும், முகம் அப்படியே இருக்கும். சாயங்காலம் எங்கள் ஊரான ஜெகதளாவுக்குப் போக பஸ் ஏறும்போது தாடை வலிக்கும். வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசக்கூடத் தெம்பிருக்காது.

ஒரு மே மாதம், குடும்பத்தோடு தங்கிய ஒரு பெண் புகார் எழுதிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்த்தால் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறதாம். மேனேஜர் கோபப்படாமல் அதைப் படித்துக் காட்டினார்.

"உனக்கு இது ஒத்து வராது தம்பி."

அந்த மாதத்தோடு நின்றேன். பிறகு ஒரு அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை கிடைத்தது. மழைக்காலத்தில் ஒரு காலை, பிணவறை ஊழியர் காய்ச்சலில் வரவில்லை. அந்த இடத்துக்கு எங்கள் துப்புரவு மேஸ்திரி முதலில் கேட்ட இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். எனக்கு மறுத்துப் பேச வராது. போனேன்.

காட்டெருமை முட்டி இறந்த பெண். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். டாக்டர் பிரேதப் பரிசோதனையை முடித்துத் தைத்தபின், "கழுவிக் குடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கணுக்காலில் ஒரு அட்டைப்பூச்சி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். தலைமுடியில் சேறும் தேயிலை இலையும். கழுவி, என் சட்டைப் பையிலிருந்த சீப்பால் வாரி, பின்னிவிட்டேன்.

வெளியே அவர் கணவர் நின்றிருந்தார். "ஏனுங்க, மொகத்தப் பாக்கலாமுங்களா?"

"பாக்கலாமுங்க. மொகத்துல காயம் இல்லீங்க. வயித்துலதான். போர்வைய மட்டும் எடுக்க வேண்டாமுங்க."

"ரொம்ப வலிச்சிருக்குமுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க."

அவர் தலையசைத்தார். உள்ளே வந்து பின்னலைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் அழுதார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் கிளம்பும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான், ஒரு வேலையைச் சரியாகச் செய்தேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஒரு சாவில் போய் இந்த நிம்மதியா என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் மறுநாள் மேஸ்திரியிடம் போய், என்னைப் பிணவறையிலேயே போடச் சொல்லிக் கேட்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்ததும் எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக வைத்தார். கேத்தியிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் வேலையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை. தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

அவளுக்காகவே அந்த வேலையை விட்டு, குன்னூர் பஜாரில் மாமாவின் துணிக்கடையில் சேர்ந்தேன். வாசலில் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிட வேண்டும். ஒன்பதாம் நாள் குரல் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"என்னால முடியலம்மா. நான் அங்கயே போறேன்."

"பொணத்தோட இருக்கறது உனக்கு அவ்வளவு புடிச்சிருக்குதா?"

"அதப் பாத்துக்க ஆள் வேணும்மா. எனக்கு அது வருது."

"அப்படின்னா இந்த ஊட்டுல இருந்துக்கிட்டு அங்க போவாத" என்றார் அம்மா. குரல் உயரவில்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தேன். மறுவருடம் தங்கைக்கு மேட்டுப்பாளையம் பக்கம் கல்யாணமானது. மாப்பிள்ளை வீட்டாரிடம், அண்ணன் ஆபீஸில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, யாரும் பேச்சுக் கொடுக்குமுன் கிளம்பிவிட்டேன். அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மா எப்போதாவது போன் செய்வார். மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்பார். வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார்.

நேற்று அவலாஞ்சிப் பக்கம் தண்ணீரில் மூழ்கி இறந்த ஒரு கல்லூரி மாணவனைக் கொண்டுவந்தார்கள். அவன் அப்பா கீழே சமவெளியிலிருந்து மலையேறி வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை, அவன் நகக்கண்களில் இருந்த சேற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.